ஆட்டமில்லாத சனிக்கிழமை

விரிப்பின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போதுதான் மைரன் அதைச் சொன்னான்.

"இன்னிக்கு நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

டாரியா அப்பாவின் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள். பிள்ளைகள் டாட்டோ என்று கூப்பிடும் ஓரெஸ்ட் கண்ணை மூடியிருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலையில் வந்த நர்ஸ், இன்றோ நாளையோ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனிதர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாரா என்பது அந்த வீட்டில் என்றைக்குமே யாருக்கும் பிடிபட்டதில்லை.

தம்பியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட போய் கடையை மூடிட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட தினமும் பொய் சொல்றியே, அது மட்டும் நல்லாருக்கா? நேத்து கூட்டம் எப்படின்னு அவர் கேட்கிறார், நீயும் வாய் கூசாம அளக்கிற. என்னால பக்கத்துல நிக்க முடியல."

மைரனின் எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் விளக்கு வேலை பார்த்தவன் செப்டம்பரிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அணி முதலாளிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்றார்கள். ஆட்டக்காரர்கள் முடியாது என்றார்கள். முதலாளிகள் கதவடைப்பு அறிவித்தார்கள். கனடாவின் எட்மன்டன் நகரத்துக் குளிருக்குக்கூட மூடாத கதவு அது. இரண்டு பக்கமும் கோடீஸ்வரர்கள். அவர்கள் வீட்டு உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அரங்கத்திலிருந்து தெருவைக் கடந்தால் ஓரெஸ்டின் சாப்பாட்டுக் கடை. அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு டாரியா கைக்கு வந்தது. ஆட்ட நாட்களில் அணியின் சட்டையை மேலங்கிக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு, மைனஸ் முப்பதிலும் கூட்டம் வாசலில் வரிசை நிற்கும். கடையில் வேலை பார்த்த பெர்னிஸ் இரண்டு கைகளிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு புகுந்து புறப்படுவாள். யாருக்குக் கடுகு ஆகாது, யார் தோற்ற அன்று குடித்துவிட்டு அழுவார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. டாரியாவுக்கு மீசை வைத்த மாப்பிள்ளையாகத்தான் பார்ப்பேன் என்று கேலி பேசிக்கொண்டே இருபது வருஷத்துக்கு மேல் அங்கே பரிமாறினாள்.

கதவடைத்த பிறகும் வாடிக்கைக்காரர்கள் சிலர் பழக்கதோஷத்தில் சனிக்கிழமைகளில் வந்தார்கள். சுவரிலிருந்த டி.வி.யை நிமிர்ந்து பார்த்தார்கள், முட்டைக்கோஸ் சுருளைத் தின்றார்கள், சீக்கிரமே எழுந்து போனார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. ஒருவர் மனைவியோடு நடனம் பழகப் போகிறாராம். இன்னொருவர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பேத்தி ஆடுவதைப் பார்க்கப் போகிறாராம். ஆட்டம் இல்லாமலும் சனிக்கிழமை கழியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.  கடையின் அடுப்பில் பூனை தூங்கியது. பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் தங்கள் கிறிஸ்துமஸ் முடிந்ததும் டாரியா கடையை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து, அப்பாவிடம் வருவதற்கு முன் தன் வீட்டில் வெங்காயம் வதக்கி, அந்த வாடை தலைமுடியில் ஏறும்வரை அடுப்படியில் நின்றுவிட்டுத்தான் வருகிறாள். இதை மைரனிடம்கூடச் சொல்லவில்லை. நினைத்தால் அவளுக்கே அவமானமாக இருந்தது.

அந்த வீட்டில் பெரிய விஷயங்களைப் பேச ஒரு நேரம் இருந்தது. சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளை. ஆட்டம் நடக்கும்போது யாராவது பேசினால் அப்பா முறைப்பார். இடைவேளை விட்டதும் ரிமோட்டை எடுத்து டி.வி.யின் சத்தத்தை அடக்குவார். யாருக்கு எது இருந்தாலும் அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். டாரியா தன் விவாகரத்தைச் சொன்னது அப்படித்தான். அம்மா தன் மார்பில் கட்டி இருக்கிறது என்று சொன்னதும் அப்படித்தான். சத்தம் திரும்பி வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. இந்தக் குளிர்காலத்தில் ஆட்டமும் இல்லை, இடைவேளையும் இல்லை. அம்மா போன பிறகு மிஞ்சியிருந்த அந்த மூன்று பேருக்கும் எதை எப்போது பேசுவதென்றே தெரியாமல் போயிருந்தது.

சாயங்காலம் மைரன் பூட்ஸை மாட்டிக்கொண்டான். "வாசல்ல பனியை வாரிட்டு வரேன். நான் உள்ள வரும்போது நீ சொல்லியிருக்கணும்."

வெளியே மண்வாரி சிமெண்டில் உரசும் சத்தம் தெருவோரத்திலிருந்து தொடங்கியது. டி.வி.யில் ஆட்டத்துக்குப் பதிலாக ஏதோ பழைய குதிரைக்காரர் படம் ஓடிக்கொண்டிருந்தது. டாரியா கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உரசல் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை நெருங்கியது. 

ஓரெஸ்ட் கண்ணைத் திறந்தார். விரிப்பின்மேல் கையால் துழாவினார். தண்ணீர் கேட்கிறாரோ என்று அவள் எழுந்தாள். அவர் கை ரிமோட்டைத் தேடிப் பிடித்தது. படத்தின் சத்தம் நின்றது.

அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

டாரியாவும் திரையைப் பார்த்தாள். குதிரைகள் சத்தமில்லாமல் ஓடின.

"கடையை மூடிட்டேன், டாட்டோ."

அவர் கை ரிமோட்டை விடவில்லை.

"எப்ப?"

"நம்ம கிறிஸ்துமஸ் முடிஞ்சதும். தாக்குப்பிடிக்க முடியல. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"பெர்னிஸ்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான்."

"வீட்டுக்குப் போயா?"

இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல. போன்ல."

"போன்லயா," என்றார் ஓரெஸ்ட்.

பெர்னிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான் என்று சொல்ல டாரியா வாயெடுத்தாள். அதற்குள் அவர் விரல் ரிமோட்டை அழுத்திவிட்டது. குளம்புச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

மைரன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தான். மூன்று பேரும் படம் பார்த்தார்கள். அப்பாவின் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. படம் முடிவதற்குள் ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. இரண்டு பேரும் இன்னும் வரும் என்றுதான் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை மைரன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சாவு சொல்லிக்கொண்டிருந்தான். பாதிரியார், சித்தப்பா வீடு, அரங்கத்து ஆட்கள். ரிசீவரைக் காதில் இடுக்கிக்கொண்டே, பெர்னிஸுக்கும் சொல்லிவிடவா என்று கேட்டான்.

"அவளுக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன்," என்றாள் டாரியா.

பெர்னிஸின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தவள் சூப்பர் மார்க்கெட் பெயர் போட்ட பச்சை மேல்சட்டை போட்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. டாரியாவைப் பார்த்தும் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"டாட்டோ போயிட்டார், பெர்னிஸ். நேத்து சாயங்காலம்."

திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெர்னிஸ் அவள் முகத்தையே பார்த்தாள்.

"போன்லயே சொல்லியிருக்கலாமே."

டாரியா கண்ணைத் தாழ்த்தவில்லை. 

பெர்னிஸ் குனிந்து பார்க்காமலே, மிதியடிமேல் கிடந்த பூட்ஸுகளைக் காலால் ஓரம் தள்ளி, இன்னொரு ஜோடிக்கு இடம் பண்ணினாள்.