இன்றைய திருடன்

கணக்கு வாத்தியார் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தப்பு வைப்பார். வேண்டுமென்றே வைப்பார். பாடத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. பத்தாம் வகுப்பு அதற்குத் திருடன் என்று பெயர் வைத்திருந்தது. கண்டுபிடித்தவர் எழுந்து "திருடன்!" என்று கத்த வேண்டும். உடனே மொத்த வகுப்பும் கத்தும். பிடித்தவர் ஓடிவந்து அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிப் பலகையில் திருத்துவார்.

அந்த வகுப்பில் தூங்குகிறவன் கிடையாது. ஜன்னலை வேடிக்கை பார்க்கிறவள் கிடையாது. பக்கத்து அறை ஆசிரியர்களுக்கு அந்தக் கூச்சல் எரிச்சல். அவர்களுடைய எரிச்சல் வாத்தியாருக்கு இனித்தது.

பிறகு பள்ளிக்குத் தொடுதிரைப் பலகைகள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கேமரா. பாடத்தைப் பதிவு செய்து, அதுவாகவே சுருக்கி, சாயங்காலம் பெற்றோரின் போனுக்குக் குட்டிப் படமாக அனுப்பிவிடும். பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. வாத்தியார் தன் மச்சானைச் சொன்னார். மனைவியின் தம்பி. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். அவன் கேட்டது வகுப்பு. கிடைத்தது பலகைகள்.

"இவரு நம்ம எலெக்ட்ரீஷியன்" என்று ஆசிரியர் அறையில் வாத்தியார் அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவரை அவன் மாமா என்று கூப்பிட்டதில்லை. சார்தான்.

ஒருநாள் மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் பெற்றோர் சங்கத் தலைவர், பல் டாக்டர். இன்னொருவன் மச்சான், மடிக்கணினியோடு.

டாக்டர் போனை நீட்டினார். சின்னத் திரையில் வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். (x+3)² = x² + 9. எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். படம் ஒரு துள்ளு துள்ளி அடுத்த கணக்குக்குப் போனது.

"நடுவுல 6x எங்க சார்?" என்றார் டாக்டர். "நான் பல்லு பிடுங்கறவன். எனக்கே தெரியுது."

"அது திருடன்."

"யாரு?"

வாத்தியார் விளக்கினார். டாக்டர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை மேசையைப் பார்த்தார்.

"பசங்க பிடிச்சாங்கன்னு சொல்றீங்க. படத்துல காணோமே?" என்றார் தலைமையாசிரியை.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கிற இடத்தை மெஷினே வெட்டிடும் மேடம்" என்றான் மச்சான். "பாடம் நடக்கலன்னு அது நெனச்சுக்கும்."

வாத்தியார் அவன் பக்கம் திரும்பினார். "இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். எலெக்ட்ரீஷியன்கிட்ட யாரு கேப்பாங்க?"

"உங்க குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்குங்க" என்றார் தலைமையாசிரியை. "சார், நாலு பேரண்ட்ஸ் பேசிட்டாங்க. உங்களுக்கே கணக்கு தடுமாறுதுன்னா சொல்லிடுங்க. பத்தாம் வகுப்பைத் தம்பிகிட்ட குடுத்துடறேன். அவரும் கணக்குப் படிச்சவர்தான். நீங்க ஆறாம் வகுப்பு எடுத்துக்கலாம்."

ஆறாம் வகுப்பு என்றால் பின்னமும் வாய்ப்பாடும். வாத்தியாருக்குக் காது சுட்டது.

"முழுப் பதிவு இருக்கா?" என்று மச்சானைக் கேட்டார்.

"இருக்கு."

"போடு."

மச்சான் மடிக்கணினியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தான். வாத்தியார் எழுதினார், திரும்பினார். இந்தமுறை படம் துள்ளவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் எகிறி எழுந்தாள். எதற்கும் மல்லுக்கு நிற்பதால் வகுப்பு அவளை வக்கீல் என்று கூப்பிடும். "திருடன்!" நாற்பது தொண்டைகள் அதை வாங்கி முழங்கின. வக்கீல் பேனாவைப் பிடுங்கி 6x-ஐ நடுவில் நுழைத்தாள். வாத்தியார் கையைத் தூக்கிச் சரணடைந்தார்.

டாக்டர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார்.

"போதும்ல?" வாத்தியார் எழுந்தார்.

"முழுசா பாத்துடலாம் சார்" என்றான் மச்சான். "டாக்டர் வேலையை விட்டுட்டு வந்திருக்காரு."

படம் ஓடியது. அடுத்த கணக்கு. −2x > 6. அடுத்த வரியில் திரைக்குள் இருந்த வாத்தியார் x > −3 என்று எழுதினார்.

வெளியே இருந்த வாத்தியார் மெல்ல உட்கார்ந்தார்.

மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்ப வேண்டும். பெரியது சின்னதாக வேண்டும். அவர் திருப்பவில்லை. அவர் வைத்த தப்பு அல்ல அது. தானாக வந்தது. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. திருடன்தான் பிடிபட்டாயிற்றே. நாற்பது தலைகளும் நிம்மதியாகக் குனிந்து அதை எழுதிக்கொண்டன.

போன வாரத் தேர்வில் பாதி வகுப்பு இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தது. சிவப்பில் கோடு கிழித்து, தாள்களை மேசையில் எறிந்து, "மண்டையில என்ன களிமண்ணா?" என்று கத்தியிருந்தார். எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமையாசிரியை வரலாறு படித்தவர். மச்சான் படத்தை நிறுத்தினான்.

"இதுவும் திருடனா சார்?"

குரல் பணிவாக இருந்தது. அவனுக்குத் தெரியும். இதற்கு முன்பே, ஒருவேளை பலமுறை, தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

"ஆமா" என்றார் வாத்தியார். "அதுவும் திருடன்தான்."

"ரெண்டாவதா?"

"எப்பவாவது ரெண்டு வைப்பேன். ஒண்ணைப் பிடிச்சதும் அசந்துடறாங்களான்னு பாக்க."

சொல்லி முடித்தபோது அது அவருக்கே நியாயமாகப்பட்டது. "நல்ல உத்தியா இருக்கே" என்றார் தலைமையாசிரியை. "மத்த டீச்சர்ஸுக்கும் சொல்லிக் குடுங்க."

"நான் இப்படி ஒரு சொத்தையை வேணும்னே விட்டா ஆளுங்க சும்மா விடுவாங்களா?" என்றார் டாக்டர். ஆனாலும் கை கொடுத்தார்.

மச்சான் கணினியை மூடினான். "ரெண்டாவது ஆளு இன்னும் பிடிபடலையே சார். பசங்க நோட்டுலதானே இருக்கான். நாளைக்குப் பிடிச்சுக் குடுத்துடுங்க. நானும் பின்னாடி உக்காந்து பாக்கறேன். கத்துக்கலாம்ல."

"கண்டிப்பா" என்றார் தலைமையாசிரியை.

வீட்டில் மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். வைத்தது சற்று சத்தமாக இருந்தது.

"தம்பி போன் பண்ணான்."

"பண்ணுவான்."

"ஒரு வகுப்பு. ஒரே ஒரு வகுப்பு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"என் வகுப்புதான் வேணுமா அவனுக்கு?"

"உங்க பேர்ல பட்டா போட்டிருக்கா?" அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அது தப்பா, வேணும்னு வெச்சதா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "குழம்புல உப்பு இல்ல."

"அது திருடன். பிடிச்சுட்டீங்களே, சாமர்த்தியம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மச்சான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். முட்டி இடித்தது. வாத்தியார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"உங்க நோட்டுல ஒரு திருடன் ஒளிஞ்சிருக்கான்" என்றார். "அசமன்பாடு ஆரம்பிச்ச அன்னைக்கு. யாரும் பிடிக்கல. தேடுங்க."

தாள்கள் சரசரத்தன. வக்கீல் மட்டும் தேடவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், அன்னைக்குத் திருடனை நான் பிடிச்சேன்."

"ரெண்டு இருந்துச்சு."

"பாடத்துக்கு ஒண்ணுதான். நீங்க போட்ட ரூல்."

"அன்னைக்கு ரெண்டு."

அவள் நோட்டைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். விரல் வரியில் நின்றது. "டெஸ்ட்ல இதேமாதிரிதான் எழுதினேன். சிவப்புல அடிச்சீங்க. களிமண்ணான்னு கேட்டீங்க."

"பிடிக்காம விட்டது யாரு?"

"அப்போ எங்க தப்பா சார்?"

வகுப்பு முழுவதும் அவரைப் பார்த்தது. கடைசி பெஞ்சில் மச்சான் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தான். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்கு அவன் இங்கே நிற்பான்.

"உங்க தப்புதான். உக்காரு."

"போன மார்க்?"

"போனது போனதுதான். உக்காருன்னேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் குறியைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். திருத்திக்கொண்டார்கள்.

மணி அடித்தபின் மச்சான் வாசலில் நின்றான்.

"வகுப்பு உங்களுக்கே மாமா" என்றான். "வெச்சுக்குங்க."

அதற்கடுத்த நாள் வாத்தியார் தெம்பாக வந்தார். வகுப்பு கையில் இருந்தது. இரண்டு நாள் கடுப்பு, ஒரு கூச்சலில் கரைந்துவிடும். அதற்காகவே குருடனுக்கும் தெரிகிற திருடனாகத் தேர்ந்தெடுத்தார். (a+b)(a−b) = a² + b². கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, பேனாவைப் பிடுங்க வசதியாகச் சற்று விலகி நின்றார்.

நாற்பது பேனாக்கள் காகிதத்தில் ஓடின.

அவர் கூட்டல் குறியின் கீழே கோடு போட்டார். இரண்டு கோடு. ஒருவரும் தலை நிமிரவில்லை.

"என்ன, இன்னைக்கு எல்லாரும் தூக்கமா? திருடன் எங்க?"

இறங்கி வக்கீலின் மேசைக்குப் போனார். அவள் நோட்டில் அந்த வரி அழகான கையெழுத்தில் இருந்தது. சுற்றிக் கட்டம் போட்டிருந்தாள்.

"பாக்கலையா நீ?"

"பார்த்தோம் சார்."

"அப்புறம்?"

"எழுதிக்கிட்டோம்."

அடுத்த மேசையைப் பார்த்தார். அதற்கடுத்ததை. எல்லா நோட்டிலும் a² + b², எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம். முகங்களில் மரியாதை தவிர வேறொன்றும் இல்லை. அவர் பேனாவை வக்கீலிடம் நீட்டினார். அவள் தன் கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டாள்.

"மேல சொல்லுங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எல்லாரும் எழுதியாச்சு."