கூரையில் தங்கிய ஆமென்கள்

கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடி ஜெபவீட்டில் இடம் தவறிச் சொல்லப்பட்ட ஆமென்கள் கலைந்து போகாமல் தகரக் கூரைக்கு அடியிலேயே தங்கிவிட்டன. தக்காளி விலை இறங்க மறுத்த ஆவணி மாதம் அது. ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், டயர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஜெபவீடு. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சபையார் கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவது வழக்கம். அன்றைக்கு ஒருவரும் நகரவில்லை. சேலத்தில் ஒரு அரங்கத்தில் படைப்பா பரிணாமமா என்று விவாதம் நடந்தது. அதை நேரலையில் காட்டுவதற்காகப் பாஸ்டர் இளவழகன் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, பிரசங்க மேடைக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்.

படைப்பின் பக்கம் பேசிய பிரசங்கியார் மைக்கை விழுங்கிவிடுவார் போல முழங்கினார். உங்கள் தாத்தா குரங்கு என்றால் போட்டோ இருக்கிறதா ஐயா என்று அவர் கேட்டபோது ஜெபவீடே கைதட்டியது. மூப்பர் குமாரசாமி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எதிர்ப்பக்கம் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர். ஒல்லியான மனிதர், சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. ஆள் பேசுவதற்கு முன்பே தோற்றுப்போய்விட்டார் என்று சபை முடிவு கட்டியது. ஆனால் அவருடைய தகப்பனார் மோகனூர்ப் பக்கம் உபதேசியாராக இருந்தவர் என்பது யாருக்கும் தெரியாது. மகன் சாமியை விட்டு எத்தனையோ வருடங்களாகியும் தகப்பனின் ஜெப ராகம் தொண்டையை விட்டுப் போகவில்லை. கடைசியில் கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி, மலையில் திரிகிற குரங்கும் நமக்குச் சொந்தமே என்பதையும், நாமெல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறவாதிருப்போமாக என்று சொல்லி நிறுத்தினார்.

அந்த ‘இருப்போமாக’வில்தான் வினை வந்தது. அப்படி இறங்கி நிற்கிற வாக்கியத்தைக் கேட்டால் அந்தச் சபையில் மூளைக்கு முன்னால் வாய் முந்திக்கொள்ளும். அத்தனை பேரும் ஒரே மூச்சில் ஆமென் என்றார்கள். முதல் ஆமென் குமாரசாமியுடையது, சத்தத்திலும் அதுதான் பெரியது. அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பவில்லை. மேலே ஏறியது, தகரத்துக்கடியில் மின்விசிறியின் முனகலைப் போலச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. யாரோ போய் விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள். முனகல் நிற்கவில்லை.

பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் டீயோடு சேர்ந்து வந்தன. பிரசங்கியார் கிழித்துத் தொங்கவிட்டார் என்றார்கள் பலர். ஜெயித்தாலும் அத்தனை கோபம் ஆகாது என்றார்கள் சிலர். அந்த மனிதர் பேச்சில் மரியாதை இருந்தது என்று ஒரு தையல்காரர் வாய்க்குள் சொன்னார். ஆனால் ஆமென் சொன்னதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞானஸ்நானத்தில் ரூபவதி என்று பெயர் மாறியும் ஊருக்கு இன்றுவரை அங்காளம்மாளாகவே இருக்கும் அங்காளம்மாள், தான் கொட்டாவி விட்டதாகச் சாதித்தாள். டயர் கடை கதிர்வேல் அந்நேரம் போன் பேச வெளியே போயிருந்தாராம். குமாரசாமி, தான் கேலியாக இருமியதாகச் சொன்னார். அப்போதுதான் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அவருடைய ஒரே மகள் இலக்கியா எழுந்து நின்றாள்.

“நான் சொன்னேனுங்கப்பா. தெரிஞ்சேதான் சொன்னேன். ஆண்டவரு நம்மள அந்த வழியாவே கொண்டாந்திருந்தா அவருக்கு என்னங்கப்பா கொறஞ்சு போச்சு?”

சபை முழுவதும் மூப்பர் முகத்தைப் பார்த்தது. ஏற்காட்டுக்குப் பால் வண்டி ஓட்டும் குமாரசாமி மகளை அதுவரை ஒரு வார்த்தை அதட்டியதில்லை, ‘ஏஞ்சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மானம் போனது போல இருந்தது அவருக்கு. “கொரங்கு உனக்குச் சொந்தம்னா, சொந்தக்காரங்க ஊட்டுக்கே போயிரு!” என்று கத்தினார். கூரை ஆமென் என்றது. அது குமாரசாமியின் குரல். குமாரசாமியின் வாயோ இறுக மூடியிருந்தது.

மறுநாளே குரங்குகள் இறங்கி வந்தன. மலையடியில் குரங்கு வருவது செய்தியல்ல, கொய்யாவைப் பறிக்கும், காயப்போட்ட வடகத்தை அள்ளும், துணியைக் கிழிக்கும். இவை ஒன்றையும் தொடவில்லை. குமாரசாமி வீட்டு மதில்மேல் பெண் பார்க்க வந்தவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. குமாரசாமியின் மனைவி சாலம்மாள் பொரியை அள்ளி வீசினாள். அவை தொடாத பொரி பனியில் நனைந்து மண்ணோடு போயிற்று. அன்றிலிருந்து இலக்கியா சோற்றில் உப்பு வேண்டாம் என்றாள். பிறகு மாடியில் படுத்தாள். அவளுக்கு உரோமம் வளர்ந்தது, வால் முளைத்தது என்று ஊரில் சிலர் சொல்வது சுத்தப் பொய். அவளுக்குக் குறைந்தது பேச்சு ஒன்றுதான். முதலில் நீளமான வாக்கியங்கள் போயின, பிறகு கேள்விகள் போயின, கடைசியில் அம்மா என்கிற வார்த்தைக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு மலைப்பாதையில் ஏறிப் போனாள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சமாகக் குரங்குகள் நடந்தன.

குமாரசாமியை அறுத்தது அவள் போன விதம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் அந்தக் கேட்டில் நின்று அவர் முகத்தைப் பார்த்து ‘வாரேனுங்கப்பா’ என்று சொல்லிவிட்டுத்தான் தெருவில் கால் வைப்பாள். போகிறேன் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், போகிறவர்கள் எல்லோரும் வாரேன் என்றே சொல்லிப் போவார்கள். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் மகளை ஹாஸ்டலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார் குமாரசாமி. விடியற்காலையில் பால் வண்டி ஏறும்போது ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவரில் அவள் குரங்குகளோடு உட்கார்ந்து, கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் வண்டியை நிறுத்தினால், நின்ற ஒரு வண்டியைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பாள். இறங்கிக் கிட்டே போனால் மரங்கள் மட்டும் ஆடும்.

இதற்கிடையில் ஜெபவீட்டைப் பெருக்கப் போன அங்காளம்மாள், இந்த மூட்டு வலி என்னைவிட்டுப் போய்த் தொலையணும் என்று சலித்துக்கொண்டாள். கூரை ஆமென் என்றது, போன் பேச வெளியே போயிருந்த கதிர்வேலின் குரலில். வலி போய்விட்டது. அன்று மாலையே அங்காளம்மாளின் மருமகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இன்னமும் எழுந்திருக்கவில்லை. செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். போர்வெல்லில் தண்ணீர் பீறிட வேண்டும் என்று கேட்டவருக்குப் பீறிட்டது, அந்த வீட்டுத் தரை இன்றுவரை காயவில்லை. புருஷன் சாராயக் கிளாஸைக் கையால் தொடக்கூடாது என்று கேட்டவளின் புருஷனுக்குக் கை விளங்காமல் போனது. ஆமென் ஒவ்வொன்றும் அதைச் சொன்னவர் குரலிலேயே இறங்கியது. இல்லவே இல்லை என்று சாதித்தவர்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். பாஸ்டரின் சொந்தக் குரல் இறங்கிய வாரம் பிரசங்கம் மிகவும் சுருக்கமாக முடிந்தது. வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள், கூரைக்கு வார்த்தை மட்டும்தான் கேட்கிறது, மனசு கேட்கவில்லை என்று அவர் எச்சரித்தார். யாரும் கேட்டபாடில்லை.

குமாரசாமி மட்டும் ஜெபவீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. அது அந்த விலங்கியல் வாத்தியாரின் ஆமென், அதில் போய்க் கையேந்தினால் என் விசுவாசம் என்ன ஆவது என்று வீம்பாக இருந்தார். வீட்டில் முழங்கால் போட்டார், உபவாசம் இருந்தார். வீட்டுக் கூரை பதில் சொல்லவில்லை. ஐப்பசி மழை மலையில் அடித்து ஊற்றிய நாட்களில் சாலம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“ஏனுங்க, போன்னு சொன்னப்ப அது யாரோட ஆமென்னு பாத்தீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். “வான்னு சொல்றதுக்கு மட்டும் பாக்கறீங்க. எம்புள்ள மழைல நனையுதுங்க.”

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அதற்குள் கூரையின் முனகல் ஒரு கொசுவின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. யார் யார் குரல் இறங்கிவிட்டது என்று சபையார் பேசிப் பார்த்தார்கள். மேலே மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, தெரிந்தே சொன்ன ஆமென், இலக்கியாவுடையது. அதையும் தனக்கென்று கேட்டு வாங்க ஆள் இருந்தது, ஆனால் சாலம்மாள் ஜெபவீட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் குமாரசாமியைத் தனியே அழைத்து, என் மகள் என் வீட்டில் பழையபடி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். குமாரசாமியும் தலையாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்.

பட்டப்பகல். சபை முழுவதும் வெளியே நின்றது. குமாரசாமி வீட்டு மதில்மேல் அன்றைக்கும் குரங்குகள் வந்து உட்கார்ந்திருந்தன, அவற்றை யாரும் விரட்டவில்லை. உள்ளே குமாரசாமி அண்ணாந்தார். கூரையைப் பார்த்ததும், அங்கே இருப்பது தன் பிள்ளையின் குரல் என்ற நினைப்பு வந்து சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து போயிற்று. இத்தனை நாளும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த ஒன்று மட்டும் தானாக வெளியே வந்தது. “ஆண்டவரே, எம்புள்ள அந்தக் கேட்டுல நின்னு, எம்மூஞ்சியப் பாத்து, வாரேனுங்கப்பான்னு ஒருக்காச் சொல்லோணும்.”

ஆமென் என்றது கூரை, அந்தப் பெண்ணின் குரலில், கணீரென்று. அதோடு முனகல் நின்றது. விவாதம் நடந்த நாளுக்குப் பிறகு ஜெபவீடு முதன்முதலாக நிசப்தமாக இருந்தது.

குமாரசாமி வீட்டுக்கு ஓடினார், சபை பின்னால் ஓடியது. கேட்டைத் தாண்டி முற்றத்துக்குள் ஓடித் திரும்பினால், அதே கேட்டில் இலக்கியா நின்றிருந்தாள். போனபோது போட்டிருந்த அதே சுடிதார், ஓரம் கிழிந்திருந்தது, தலையில் சருகு. கேட்டுக்கு வெளிப்பக்கம் நிற்கிறாள் என்பதைச் சாலம்மாள்தான் முதலில் கவனித்தாள். இலக்கியா தகப்பன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பேச்சு மறந்த வாய் ஒவ்வொரு எழுத்தையும் தேடி எடுத்தது.

“வாரேனுங்கப்பா.”

“வா சாமி, உள்ள வா,” என்று குமாரசாமி இரண்டு கையையும் நீட்டினார். சாலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இலக்கியா கேட்டை ஓசைப்படாமல் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தாள். சொல்லாமல் போனவள் சொல்லிக்கொண்டு போனாள், இந்த முறை ஒரு குறையும் இல்லை. மதிலில் இருந்தவை இறங்கி அவள் பின்னால் போயின. குமாரசாமியின் கைகள் நெடுநேரம் நீட்டியபடியே இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஜெபவீட்டில் இடம் தவறி யாரும் ஆமென் சொல்வதில்லை. பாஸ்டர் ஜெபத்தை முடித்த பிறகு எல்லோரும் ஒரு நொடி நின்று, சொன்னது என்ன என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை அந்தச் சபையின் முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விவாதத்தில் ஜெயித்தது யார் என்ற பேச்சு அங்கே எழுவதே இல்லை. மலைப்பாதையில் குரங்குகளுக்குத் தீனி போட்டால் வனத்துறையினர் அபராதம் போடுவார்கள். விடியற்காலையில் வளைவில் நிற்கும் ஒரு பால் வண்டியை மட்டும் கண்டுகொள்வதில்லை. அதன் டிரைவர் பால் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் ஊற்றி, உப்புப் போடாத சோற்றைப் பக்கத்தில் வைத்து, சுவரில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தியிடம் ‘வாரேன் சாமி’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார். மறுநாளும் வருகிறார்.