மஹ்விஷ் திடல்

அன்புச்செல்வி கல்வெட்டுக்குப் போட மாலையைப் பிரித்தபோது அப்துல் சமத் குறுக்கே வந்தார்.

“மாலை வேணாங்க. எங்கள்ல வழக்கமில்ல.”

“ஐயோ, சாரிண்ணே. எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி இலையில் சுற்றினாள்.

சமத்தின் மனைவி அஃப்சருன்னிசா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் காய்ச்சலில் போன மகள் மஹ்விஷின் பெயரை இப்படிக் கல்லில் பொறித்திருப்பதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. போன வருடம் ஜனாஸாவை அவள் வாசலோடு அனுப்பிவைத்தாள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் போவதில்லை. அங்கே மகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் மரம் ஏதும் இருக்கிறதா என்று சமத்திடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கோட்டூர்புரத்தில் மகள் பெயரில் விளையாட்டுத் திடலுக்கு இந்த இடம் முடிவானதிலிருந்து, தினமும் இங்கே வந்து உட்காரலாம் என்று நினைத்து வைத்திருந்தாள். பெஞ்சு அவள் கேட்டுப் போட்டது.

ரிப்பன் வெட்டினார்கள். கைதட்டினார்கள். பெரியவர்கள் சாமியானா நிழலுக்கு, காபி குடிக்கப் போனார்கள். குழந்தைகள் கேட்டருகே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அன்புச்செல்வி அப்படிச் சொல்லியிருந்தாள்.

அஃப்சருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தைகள் ஊஞ்சலைச் சுற்றி, சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை.

“போய் ஆடுங்க கண்ணுங்களா.”

மஹ்விஷோடு ஒரே வேனில் பள்ளிக்குப் போன வர்ஷினி மட்டும் ஏறி உட்கார்ந்தாள். சங்கிலியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

“ஏண்டி, ஆட மாட்டியா?”

“நான் ஆடுனா நீங்க அழுவீங்களாம்.”

“யாரு சொன்னா?”

“அம்மா.”

“அழ மாட்டேன். ஆடு.”

“காட் பிராமிஸ்?”

அஃப்சருன்னிசா எழுந்துகொண்டாள்.

“அதுக்குள்ளயா?” என்றார் சமத். “பெஞ்சு வேணும் பெஞ்சு வேணும்னு என் உயிர எடுத்த.”

“வெயில் ஜாஸ்தியா இருக்கு.”

கேட்டைத் தாண்டி வெளியே நின்றாள். அவள் நிழல் கம்பிகளுக்கிடையே உள்ளே விழுந்தது. இரண்டடி நகர்ந்து மதிலோரம் போனாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சங்கிலி கிறீச்சிட்டது. ஒரு சிரிப்பு. அதற்குள் சண்டை.

“ஏய் வர்ஷினி, எறங்குடி! எவ்ளோ நேரம்? அடுத்தது நானு!”

“போடா லூசு, இப்பதான ஏறுனேன்!”

சமத் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து அவளருகே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் சத்தத்தில் குழந்தைகளின் குரல் அமுங்கிப்போனது.

“ஏறு.”

“வண்டிய ஆஃப் பண்ணுங்க,” என்றாள்.