மூன்று மணிப் பேச்சு

கிளெம் டிரான்மருக்கு அரச குடும்பம் என்றாலே எரிச்சல். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு இருட்டோடு எழுந்துபோய், ஐஸ்லாந்துப் பக்கமிருந்து வரும் கப்பல்களிலிருந்து மீன் இறக்கி, இடுப்பு ஒடிந்து வீடு திரும்பும் மனுஷனுக்கு எந்த ராணியின் மேலும் பாசம் பொங்காதுதான். முடிசூட்டு விழாவன்று தெருவே கொடி கட்டிக் கூத்தாடியபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பூட்ஸுக்குப் புது அடி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அப்படியொரு வைராக்கியம். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

கிறிஸ்துமஸ் மதியம் மூன்று மணிக்கு அரசர் ரேடியோவில் பேசுவது என்று ஆரம்பித்த நாளிலிருந்தே, ஐந்து நிமிஷம் முன்னதாக கிளெம் பைப்பை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக் கரி அறைக்குப் போய்விடுவார். தாத்தா பேசினார், மகன் பேசினார், இப்போது பேத்தி பேசுகிறாள். கிளெம் ஒன்றையும் கேட்டதில்லை. உள்ளே அவர் மனைவி ஐவி ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பாள். தேசிய கீதம் முடிந்தபிறகுதான் கிளெம் திரும்பி வருவார்.

"நம்ம கரி அறைக் கூரைய மாத்தித் தர்றேன்னு சொன்னாங்களா?" என்று வருஷா வருஷம் கேட்பார்.

"உன்னையே மாத்தித் தர்றேன்னாங்க. பழகிப்போச்சு, இருக்கட்டும்னுட்டேன்" என்பாள் ஐவி.

ஐவி ராஜவிசுவாசி என்று நினைத்துவிட வேண்டாம். ராணியின் தொப்பிகளைப் பற்றி அவள் பேசும் பேச்சை அரண்மனைக்காரர்கள் கேட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அவளுக்கு அந்தப் பேச்சு முக்கியமானதற்குக் காரணம் மகன் லெஸ். ஒரே மகன். பதினாறு வயதில் கப்பல் ஏறினான். அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவன் எங்கோ வடக்கே பனிக்கடலில் இருந்தான். திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னான்: "சாப்பிடற இடத்துல ஒலிபெருக்கி மாட்டினாங்கம்மா. மூணு மணிக்கு எல்லாரும் தொப்பியக் கழட்டிட்டாங்க. சமையக்காரன் கூட கரண்டியக் கீழ வெச்சுட்டான். எனக்கு உன் நெனப்புதான். அம்மாவும் இப்ப இதத்தானே கேட்டுக்கிட்டிருப்பான்னு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஐவிக்கு அந்தப் பத்து நிமிஷம் மகனோடு உட்கார்ந்திருக்கிற நேரம். மூன்று வாரப் பயணத்தில் கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது. ஒரே பேச்சு, ஒரே நேரம், இங்கே இவள் காதிலும் அங்கே அவன் காதிலும். ஏழு வருஷத்தில் ஐந்து கிறிஸ்துமஸ் அவனுக்குக் கடலில்தான் போயிற்று.

இந்த வருஷமும் அப்படித்தான். ஆனால் இந்த முறை அவனுடைய கப்பல் லார்க்ஃபீல்ட் மூன்று நாளாகப் பேசவில்லை. தினம் ஒருமுறை ரேடியோவில் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. தெருவில் யாரும் அதைப் பெரிதாக்கவில்லை, அல்லது பெரிதாக்காத மாதிரி இருந்தார்கள். நல்ல மீன் கிடைத்தால் இடம் தெரிந்துவிடக் கூடாது என்று கேப்டன்கள் வாயைத் திறக்காமல் இருப்பது உண்டுதான். ஆனால் துறைமுகத்தில் நேற்று மற்றவர்கள் கிளெம்மைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பேசற மெஷின் கெட்டிருக்கும். அதுக்காகக் கேக்கற மெஷினும் கெட்டுடுமா? அவன் கேப்பான், பாரு" என்றாள் ஐவி, பன்றி இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டே.

கிளெம்முக்கு அந்த நம்பிக்கையைக் கேட்கப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவர் வாயில் நக்கல்தான் வரும். அது அவர் சுபாவம். "அந்தம்மா முன்னாடியே பேசிப் பதிவு பண்ணி வெச்சுடுவாங்களாம். துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க. நீ இங்க வாயப் பொளந்துகிட்டு கேக்கறப்போ அவங்க அங்க வாத்துக்கறி தின்னுக்கிட்டிருப்பாங்க" என்றார்.

"தின்னட்டும். நான் என்ன அவங்களுக்காகவா கேக்கறேன்?"

சொல்லிவிட்டு ஐவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எதற்கடா சொன்னோம் என்றாகிவிட்டது அவருக்கு. மேஜையில் இருந்த கிறிஸ்துமஸ் பட்டாசுக் குழலை எடுத்து ஆளுக்கொரு முனையாக இழுத்தார்கள். டப் என்று வெடித்து உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் காகிதக் கிரீடம் விழுந்தது. ஐவி அதை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். "ராஜாவே பிடிக்காத ராஜா" என்று சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் அவர் அதைக் கழற்றவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வழக்கம்போலப் பைப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கரி அறைக்குள் நுழையப் போனவர், முற்றத்துக் கதவு வழியாகப் பின்சந்துப் பக்கம் பார்த்தார். சந்து முனையில் ஒருவர் நின்று வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஓவர்கோட், கறுப்புத் தொப்பி.

மீனவர் மிஷனைச் சேர்ந்த பேட்டிசன். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் அவர் தெருவுக்குள் வந்தால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். கடல் யாரையாவது கொண்டுபோனால் அந்த வீட்டுக்கு வந்து சொல்வது அவர் வேலை. முன்வாசலில் போனால் தெரு முழுக்கப் பார்க்குமே என்று பின்சந்து வழியாக வந்திருக்கிறார் போலும்.

எந்த வீட்டுக்கு என்று கிளெம் கேட்கவில்லை. அந்தச் சந்தில் லார்க்ஃபீல்டில் போனவன் லெஸ் ஒருவன்தான். அவர் கால் தானாக நடந்தது. பாதிச் சந்தில் போய் அவரை மறித்து நின்றார்.

"மிஸ்டர் டிரான்மர்..." பேட்டிசன் தொப்பியைக் கழற்றினார். அவர் கண் கிளெம்மின் தலைக்குப் போய், சட்டென்று கீழே இறங்கியது. கிளெம் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார். காகிதக் கிரீடம். உருவிக் கசக்கிப் பாக்கெட்டில் திணித்தார்.

"சொல்லுங்க."

"கப்பல் போயிடுச்சுங்க. மேல பனி உறைஞ்சு, பாரம் தாங்காமக் கவுந்திருக்கு. தேடிப்போன கப்பலுக்கு இன்னிக்குக் காலைலதான் உயிர்காப்பு மிதவை கிடைச்சுது, காலியா. கப்பல் பேரு எழுதியிருக்கு. யாரும்..." அவர் தலையை அசைத்தார். "இருபது பேரும்."

கிளெம் நின்றார். சந்தின் இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து பாத்திரச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன. எங்கோ ஒரு குழந்தை புது ஊதலை ஊதிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வயது. வந்ததும் போட்டுக்கொள்ள அவனுக்கென்று பின்னிய ஸ்வெட்டர் மாடியில் கட்டிலின் மேல் இருக்கிறது.

"மணி என்ன?" என்று கேட்டார்.

பேட்டிசனுக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "மூணாகப் போகுது. ரெண்டு நிமிஷம் இருக்கு."

"கொஞ்சம் இருங்க. இப்ப உள்ள வராதீங்க. ராணி பேசி முடிக்கட்டும்."

"நீங்களா சொல்றீங்க?" பேட்டிசனை மீறி வந்துவிட்டது. கிளெம் ராணியைப் பற்றிப் பேசுவதைத் துறைமுகத்தில் கேட்காதவர் யார்?

"நான்தான் சொல்றேன். அவனும் கேக்கறான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா அவ. பத்து நிமிஷம். இனி அவ ஆயுசுக்கும் அது கிடையாது. பத்து நிமிஷம் குடுங்க எனக்கு."

"எனக்கு இன்னும் ஆறு வீடு இருக்குங்க. வேற யாராவது மொதல்ல போய் உளறிட்டா..."

"ஊரே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு. எவன் உளறப் போறான்?"

பேட்டிசன் தொப்பியை மீண்டும் மாட்டிக்கொண்டார். கிளெம் அவரை முற்றத்துக்கு அழைத்துப்போய்க் கரி அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்தார். "குளிரும். மன்னிச்சுக்கங்க" என்றார். சொல்லிவிட்டுத்தான் யோசித்தார், இனி தான் எங்கே போவது என்று. முற்றத்தில் நின்றால் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரியும். சந்தில் நின்று அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் போனார்.

ஐவி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, போகல?"

"வெளிய குளிரு."

"இத்தன வருஷமா குளிராத குளிரா?"

அவர் பைப்பை மேஜையில் வைத்தார். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ரேடியோவில் மணி அடித்து ஓய்ந்தது. ராணி பேச ஆரம்பித்தாள்.

இத்தனை வருஷமாகக் கேட்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், இன்று கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார். கேட்க முடியவில்லை. சன்னமான, சுத்தமான ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் இறங்கவில்லை. நிறுத்தாதே, பேசு என்று மட்டும் வேண்டிக்கொண்டார். எதைப் பற்றியாவது பேசு. ஊர் சுற்றிவந்த கதையைச் சொல், குதிரையைப் பற்றிச் சொல், பிள்ளைகளைப் பற்றிச் சொல். பேசிப் பேசி மாளாத ஆள் என்று உன்னைத் திட்டியதெல்லாம் தப்பு. இன்று ஒரு நாள் ராத்திரி வரைக்கும் பேசு, தாயே.

ஐவி எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்பாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததே இல்லையே. இன்று அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன. ஒருமுறை பின்பக்கமிருந்து இருமல் சத்தம் வந்தது. கிளெம்மும் உடனே வேண்டுமென்றே இருமினார். ஐவி திரும்பவில்லை.

பேச்சு முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. தேசிய கீதம் வந்தது, அதுவும் முடிந்தது. ஐவி எழுந்து ரேடியோவை அணைத்தாள்.  பிறகு சமையலறைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"வாங்க மிஸ்டர் பேட்டிசன். எவ்வளவு நேரம் அந்தக் கரிக்குள்ள உக்காந்திருப்பீங்க?"

பேட்டிசன் வந்தார். கோட்டில் கரி ஒட்டியிருந்தது. கிளெம் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஐவி..." என்றார். 

"நீ வந்து பக்கத்துல உக்காந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த இருமல் யாருதுன்னும்" என்றாள் அவள். "எழுந்துபோன்னு உன்னச் சொல்லலாமான்னு பாத்தேன். நீ எழுந்துபோனா தெரியாத மாதிரி ஆயிடுமோன்னு." பேட்டிசன் பக்கம் திரும்பினாள். "எப்போ?"

"வியாழக்கிழமை ராத்திரின்னு நினைக்கறாங்க அம்மா. அப்போ ஒரு கப்பலுக்கு அவங்க குரல் பாதி கேட்டிருக்கு. புரியல. இப்பத்தான் தெரியுது."

ஐவி விரலை மடக்கினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று விரல்.

"அப்ப அவன் கேக்கல" என்றாள்.

மடக்கிய விரல்களை மெல்ல விரித்தாள்.

"நானும் கேக்கல. காதுல ஒரு வார்த்த விழல. உன் மூச்சுதான் கேட்டுது. ஏழு வருஷத்துல ஒரு வார்த்த விட்டதில்ல நான். கடைசில இப்படி விட்டுட்டேனே." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு கிளெம்மைப் பார்த்தாள். "நீயாவது கேட்டியா? என்ன சொன்னாங்க?"

கிளெம்முக்கு உள்ளே வெறுமையாக இருந்தது. ராணி என்ன சொன்னாள்? கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் எதைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று இதே வீட்டில் எத்தனை தடவை கத்தியிருக்கிறார்.

"சொன்னாங்க" என்றார். "இன்னிக்கு வீட்டுக்கு வர முடியாம கடல்ல இருக்கற பிள்ளைங்கள நெனச்சுக்கறேன்னாங்க."

"கடல்லன்னா சொன்னாங்க?"

"கடல்லன்னுதான் சொன்னாங்க. அவங்க அம்மாக்களையும் நெனச்சுக்கறேன்னாங்க."

ஐவி அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். முப்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம். மெல்லப் பேட்டிசன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கேட்டீங்களா? அப்படிச் சொன்னாங்களா?"

கரி அறைக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன கேட்டிருக்கும்? பேட்டிசன் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பொய் சொல்லாத மனுஷன் என்று அந்தத் துறைமுகமே சொல்லும்.

"ஆமாம்மா" என்றார். "நானும் கேட்டேன்."