வேலியில் கட்டிய டாக்டர் பட்டம்

அந்த மின்னஞ்சலை பிரேமலா மூன்று முறை படித்தாள். அவளுடைய அடுத்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் விண்ணப்பத்தைப் பதிவு மன்றம் நிறுத்தி வைத்திருக்கிறதாம். ‘டாக்டர்’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டதாகப் புகார் வந்திருக்கிறதாம். ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கீழே ஒரு படமும் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்த பேனரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிரேமலா டாக்டர் இல்லை, ஒக்குப்பேஷனல் தெராபிஸ்ட். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பொத்தான் போடவும், சோறு பிசையவும், சாவி திருகவும் மறுபடி பழக்கிவிடுவது அவள் வேலை. வீடு கோலா சிலாங்கூரில். கிளினிக் என்று தனியாக எதுவும் கிடையாது, காரின் பின்னிருக்கைதான். துணி மாட்டும் கிளிப்புகள், மொச்சைக்கொட்டை டப்பா, பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டை எல்லாம் அங்கேதான் கிடக்கும். பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களில் தொடங்கி கெர்லிங் வரைக்கும் பதினொரு வீடுகளுக்குப் போய் வருகிறாள்.

படிப்பை முடித்து, பெயரைப் பதிந்து, அந்தச் சான்றிதழை முதன்முதலாகக் கையில் வாங்க அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்குப் பிறகும் வருடா வருடம் பயிற்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடப் புள்ளிகள் ஜூலையிலேயே சேர்ந்துவிட்டன. அந்தத் தெம்பில்தான் இருந்தாள். புதுச் சான்றிதழ் வராவிட்டால் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருவர் விரலைக்கூட அவள் தொட முடியாது.

அன்று டிசம்பர் மூன்றாம் தேதி.

பேனர் கட்டியது சேது வீட்டார். சேது செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். போன ஜனவரியில் ஒரு காலை, ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே வலது பக்கம் செத்துப்போனது. நடை நான்கு மாதத்தில் திரும்பிவிட்டது. கைதான் அடம் பிடித்தது. அது முழங்கை வரைக்கும் வந்துவிட்டு, விரலுக்கு வரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

தீபாவளிக்கு முதல் நாள் பிரேமலா அங்கே போனபோது, சேதுவின் மனைவி அன்னம்மா அவளை வீட்டுக்குள் நுழையவிடாமல் நேரே தோட்டத்துக் கோயில் வேலிக்கு அழைத்துப் போனாள். அங்கே பிரேமலாவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. வாட்சாப்பிலிருந்து எடுத்த படம். ‘எங்கள் சேதுவை எழுந்து நடக்க வைத்த டாக்டர் பிரேமலா அவர்களுக்கு நன்றியும் தீபாவளி வாழ்த்துகளும்.’ அதற்குக் கீழே அவளுடைய கைத்தொலைபேசி எண்.

“எப்படி இருக்கு டாக்டரம்மா? பக்கத்துல இருக்கற நம்ம தொகுதி வைபி பேனர விட ஒரு அடி பெருசு. அளந்துதான் அடிக்கச் சொன்னேன்.”

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரமும் அப்படியே போனது. மூன்று வாரமாகிவிட்டது.

இப்போது காரை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு ஓட்டினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அன்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “நல்லது பண்றோம்னு நெனச்சு உங்க சோத்துல மண்ணப் போட்டுட்டனே. யாரு அனுப்பியிருப்பா?”

“யாரா இருந்தா என்னக்கா. நான் டாக்டர் இல்ல. போட்டது தப்புதானே.”

“நீங்க ஒண்ணு பண்ணுங்க. பேனர நீங்க பாக்கவே இல்லன்னு எழுதிருங்க. எங்க வந்து கேட்டாலும் அப்படியே சொல்றேன். இவரும் சொல்லுவாரு.”

சேது தலையாட்டினார். அது எவ்வளவு சுலபமான வழி என்று பிரேமலாவுக்கும் தெரிந்தது. “மொதல்ல அதக் கழட்டுவோம்” என்றாள்.

அன்னம்மாவின் தம்பி சுகுமாரன் ரவாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த தூக்கக் கண்ணோடு, சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். பேனரைக் கட்டியவனும் அவன்தான். வேலியருகே போய் முதல் முடிச்சில் கத்தியை வைத்தான்.

“அறுக்காத” என்றார் சேது.

“முடிச்சு இறுகிப்போச்சு மாமா. மழை வேற.”

“அது என் லோரி கயிறு மச்சான். பத்து டன் குலைய இழுத்துப் புடிச்ச கயிறு. ஒனக்குக் கட்டத் தெரிஞ்சுது, அவுக்கத் தெரியலயா?”

“நீங்க சொல்லிக் குடுத்த முடிச்சுதான லா. நீங்களே வந்து அவுருங்க.”

கிண்டலாகத்தான் சொன்னான். சேது நகர்ந்து வந்து, இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வேலிமேல் தூக்கி வைத்தார். கட்டைவிரல் முடிச்சின் மேல் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஆள்காட்டி விரல் அதனோடு வந்து சேர்ந்தது. இரண்டும் வழுக்கின. திட்டிக்கொண்டே மறுபடி பிடித்தார்.

பிரேமலாவுக்குக் கை பரபரத்தது. உதவிக்குப் போய்விடக் கூடாதென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பதினொரு மாதமாக அவள் கிளிப்பும் மொச்சைக்கொட்டையும் கொடுத்துக் கெஞ்சிய விரல்கள் அவை. மொச்சையைப் பார்த்தால் அவருக்குக் கொட்டாவிதான் வரும். கயிற்றைப் பார்த்ததும் கை தானாக லோரிமேல் ஏறிவிட்டது.

முதல் முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆனது. நான்காவது முடிச்சு அவிழ்ந்து, பேனர் முகம் குப்புற மண்ணில் விழுந்தபோது, சேதுவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கயிற்றைச் சுருட்டி சுகுமாரன் கையில் கொடுத்தார். வலது கையால்தான் கொடுத்தார். அன்னம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

வெறும் வேலியைப் பிரேமலா படம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கம் எழுத உட்கார்ந்தாள். ‘எனக்குத் தெரியாமல்’ என்று தொடங்கி, அழித்தாள். என்னிடம் பயிற்சி பெறுபவரின் வீட்டார் தங்கள் காசைப் போட்டு பேனர் அடித்தார்கள், நான் கேட்கவில்லை என்று எழுதினாள். அதுவரைக்கும் உண்மை. அதற்குப் பிறகு வெகுநேரம் யோசித்து, அடுத்த வரியையும் எழுதினாள். ‘தீபாவளிக்கு முதல் நாளே நான் அதைப் பார்த்தேன். அன்றே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.’ மனம் மாறிவிடுவதற்குள் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தாள். போன வீட்டிலெல்லாம், ஜனவரியில் நான் வராவிட்டாலும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வெட்கம் கொஞ்சம் குறைந்தது, பயம் குறையவில்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி, பத்தாங் பெர்ஜுந்தாய் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம், இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்ளவும். இணைப்பில் புதுச் சான்றிதழ். பெயர், எண், அடுத்த வருடத் தேதி, எல்லாம் சரியாக இருந்தன. காருக்குள் உட்கார்ந்து இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாகத் தோளுக்கு ஏறியிருந்த மூச்சு இறங்கி வயிற்றுக்குப் போனது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள். எதிர்க் கடையில் கரிபாப் வாங்கினாள். பசியே இல்லை. இருந்தும் நான்கைத் தின்றாள்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு சேது வீட்டுக்குப் போனாள். செய்தியைக் கேட்டு அன்னம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடனே ஒரு கவலையும் வந்துவிட்டது.

“இனிமே உங்கள என்னன்னு கூப்புடறது? மிஸ்ஸின்னு கூப்புடவா?”

“நான் நர்ஸும் இல்லக்கா.”

“அப்ப டீச்சர்?”

“அதுவும் வேணாம். பிரேமலான்னே கூப்புடுங்க.”

“பேர் சொல்லியா? வாய் வராதும்மா” என்று முனகினாள் அன்னம்மா.

“பேனர என்ன பண்ணீங்க?”

“எண்பது வெள்ளிம்மா அது. தூக்கிப் போட மனசு வருமா?” அன்னம்மா பின்பக்கம் கை காட்டினாள். பேனர் கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தது. மேலே வெறும் வெள்ளைதான் தெரிந்தது. “எழுத்து உள்பக்கம். யாரு கண்ணுலயும் படாது.”

பிரேமலா குனிந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறு கோழிகளுக்கு மேலே தலைகீழாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே பெரிய எழுத்தில் டாக்டர்.

சேது கயிற்றோடு பின்னால் வந்து நின்றார். கூரையின் ஒரு மூலையை அவரே இழுத்துக் கட்டியிருந்தார்.

“பயப்படாதீங்க” என்றார். “கோழி புகார் எழுதாது லா.”

பிரேமலா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்த முடிச்சை விரலால் அசைத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

“சரி, இப்ப வலது கையால அவுருங்க” என்றாள்.