புன்னைக்காயலிலிருந்து பதினைந்து மைல்

ஜேசுபாதம் தூத்துக்குடி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மணி எட்டாகியிருந்தது. தம்பி வளன் அந்நேரம் திருச்செந்தூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பான்.

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி மாதா கோயில் வரைக்கும் கடற்கரையோடு முப்பத்தாறு மைல் ஓட்டம். எழுபத்தாறாம் வருஷம் ஜனவரியில் ஊர் விளையாட்டு மன்றத்தார் வைத்தது. பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். புன்னைக்காயல் ஆற்றைத் தோணியில் கடந்தபின், ஓடுகிறவனுக்குத் துணையாக ஒருவர் சேர்ந்து ஓடலாம் என்பது ஏற்பாடு. வளனுக்குத் துணை அண்ணன்தான். அதற்காக ஜேசுபாதமும் ஆறு மாதமாகத் துறைமுக வேலை முடிந்ததும் அவனோடு மணலில் ஓடிப் பழகியிருந்தான்.

அன்று காலை ஆறரைக்கு அம்மா சவேரியம்மாள் அடுப்பு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாக அழைத்து, "சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசு" என்றார். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"நீ கெளம்பு" என்றாள். "அவன் ஆத்தங்கரையில ஒன்னத் தேடுவான்."

"இந்த நெலமையில ஒங்கள விட்டுட்டா?"

"கிளாடிஸ் இருக்கா. நீ போலே. எனக்கு இப்படின்னு அவன்ட்ட சொல்லிராத. பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டான். சாமியாருக்குப் படிக்கப் போயி ரெண்டு வருசத்துல திரும்பி வந்தான். பம்பாய்ல கப்பல் வேலைய மூணே மாசத்துல விட்டான். இத ஒண்ணையாவது முடிச்சிட்டு வரட்டும்."

ஜேசுபாதம் மனைவியைப் பார்த்தான். கிளாடிஸ் அத்தையின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, போங்க என்று தலையசைத்தாள். கூட வேலை பார்க்கும் செல்வதுரை வாசலில் புல்லட்டோடு நின்றான். ஆற்றங்கரையில் அவனை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினான்.

ஒன்பதேகாலுக்குத் தோணியிலிருந்து வளன் குதித்து இறங்கினான். ஏழாவதாக வந்துகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் உப்பு, வாய் நிறையச் சிரிப்பு.

"பயந்துட்டேன், நீ வரமாட்டியோன்னு. அம்மா கோயிலுக்குக் கெளம்பிட்டாளா?"

"ம்" என்றான் ஜேசுபாதம். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

சேர்ந்து ஓடினார்கள். அண்ணன் காற்று அடிக்கிற பக்கமாக ஓடினான், தம்பி ஒதுங்கி வரட்டும் என்று. ஈர மணல் கெட்டியாக இருந்த இடத்தில் வேகம் கூட்டினார்கள். கால் புதைகிற இடத்தில் நடந்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு துண்டு கருப்பட்டியும் இரண்டு மடக்குத் தண்ணீரும். வளன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். வீரபாண்டியன்பட்டினத்துப் பெண்பிள்ளைகள் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னான், முன்னால் போன பட்டாளத்துக்காரர் ஒருவர் குலசேகரன்பட்டினத்திலேயே குப்புற விழுந்ததைச் சொன்னான். ஜேசுபாதம் சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தான். தம்பி இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தான். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துச் சமாளித்தான்.

பழையகாயல் தாண்டி உப்பளங்களுக்குள் நுழைந்ததும் வெயில் கீழேயிருந்தும் அடித்தது. வளன் பேச்சை நிறுத்தினான். பிறகு கால் இழுத்தது. முள்ளக்காட்டுக்குப் பக்கத்தில், ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மணி பதினொன்றரை. கான்வாஸ் ஷூவைக் கழற்றினான். இரண்டு பெருவிரலிலும் நகம் இல்லை.

"போதும்ணே. நிறுத்திருதேன்."

ரோட்டில் உப்பு லாரி ஒன்று தூத்துக்குடிப் பக்கம் திரும்பி நின்றது. கைகாட்டினால் ஏற்றிக்கொள்வான். இருபது நிமிஷத்தில் அம்மா கட்டிலருகே நிற்கலாம், இரண்டு பேரும். ஜேசுபாதம் அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான். தம்பி தானாகத்தானே நிறுத்துகிறான். அம்மா சொல்லை மீறியதாகாது. இப்படி ஒரு மனசு. இங்கே நிறுத்தினால் தம்பி தன்னைக் கடைசிவரை கையாலாகாதவன் என்றே நினைத்துக்கொள்வான், அதைப் பார்க்கத்தானா அம்மா தன்னை அனுப்பினாள் என்று இன்னொரு மனசு.

லாரிக்காரன் கியர் போட்டான்.

"எந்திரில" என்றான் ஜேசுபாதம். "அம்மா கோயில் வாசல்ல நிக்கா. ஒன்னப் பாக்காம அங்கன இருந்து நகர மாட்டா."

வளன் நிமிர்ந்து பார்த்தான். "வெயில்லயா நிக்கா?"

"வெயில்லதான்."

வளன் ஷூவை மாட்டினான். வலியில் அவன் முகம் கோணியதை அண்ணன் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

மிச்சம் ஆறு மைல். அண்ணன் முன்னால் நாலடி போவான், தம்பி எட்டிப் பிடிப்பான். முத்தையாபுரத்தில் யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள். ஊருக்குள் நுழைந்ததும் ஆட்கள் கைதட்டினார்கள். ஒன்று ஐந்துக்கு, ஐந்தாவது ஆளாக, வளன் கோயில் வாசலைத் தொட்டான். யாரோ மாலை போட்டார்கள். மாலைக்கு மேலாகக் கழுத்தை எக்கி, அவன் கூட்டத்தில் தேடினான்.

"அம்மா எங்கணே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வதுரை வந்தான். அவன் வளனைப் பார்க்கவில்லை. ஜேசுபாதத்தின் தோளைத் தொட்டு, "பன்னெண்டு பத்துக்கு" என்று மட்டும் சொன்னான்.

வளன் அழவில்லை. புல்லட்டிலும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிவரை நடந்தே போனான். மாலையை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கூடப் போனவர்களுக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி கிளாடிஸ் புருஷனிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "பதினொரு மணிக்கு மேல அத்தை மனசு மாறிட்டாங்க. நான் சொன்னது தப்பு, எம் பிள்ளைகளக் கூப்பிடுன்னாங்க. செல்வதுரை அண்ணன வண்டி எடுக்கச் சொல்லி அனுப்பினேன். நீங்க உப்பளத்துக்குள்ள எந்த வரப்புல வாறியன்னு அவுகளுக்குக் கண்டுபிடிக்க முடியல."

ஏழாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போனபிறகு வளன் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தான். கால்களில் இன்னும் துணிக்கட்டு இருந்தது.

"முள்ளக்காட்டுல நான் உக்காந்தேன்லா. அப்ப அம்மா இருந்தாளா?"

"இருந்தா."

"அவளுக்கு அப்படின்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"காலையிலயே தெரியும். ஒன்ட்ட சொல்லாதன்னு அம்மாதான் சொல்லி அனுப்பினா."

வளன் முகம் கொஞ்சம் இளகியது. "அப்ப கடைசிவரைக்கும் அம்மா அதத்தான் சொன்னாளா? நான் முடிக்கணும்னு?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தம்பி தேறியிருப்பான். கதவோரம் நின்ற கிளாடிஸ், சொல்லாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் வெயிலில் நிற்கிறாள் என்று தான் சொன்னதும், அதைக் கேட்டு அவன் ஷூவை மாட்டியதும் இந்த ஏழு நாளாக ஜேசுபாதத்தைத் தூங்கவிடவில்லை. இன்னொரு பொய்யை அவனால் சுமக்க முடியாது.

"இல்லலே" என்றான். "கடைசில நம்ம ரெண்டு பேரையும் கேட்டிருக்கா."

வளன் எழுந்தான். கதவுவரை போய்த் திரும்பினான். "நான் அங்கன நிறுத்திட்டேன்ணே. நானாத்தான் நிறுத்தினேன். நீதான் எழுப்பின" என்றான். குரல் உயரவே இல்லை.

மறுமாதம் அவன் கொச்சிக்குப் போய்க் கப்பலேறினான். நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், அண்ணி பேருக்கு. கிளாடிஸ் அதைச் சத்தமாக வாசிப்பாள். சாப்பாடு, குளிர், துறைமுகங்களின் பெயர்கள். வாசித்து முடித்ததும் ஜேசுபாதம் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"வேற ஒண்ணும் எழுதலியா?"

"இல்லங்க" என்பாள் கிளாடிஸ்.