வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளொளி எதுவும் கிடையாது. மாட்டுங்காவில் ஒரு சபா இருக்கிறது. அதற்கு வைர விழா வருகிறது. விழா என்றால் மலர், மலர் என்றால் கதை. செயலாளர் வைத்தீஸ்வரன் போன் செய்தார்.

"ஓய், இந்தத் தடவை ஃப்யூச்சரைப் பத்தி எழுதுங்கோ. யூத் படிக்கணும்."

யூத் தமிழ் படிக்காது என்பது அவருக்கும் தெரியும். அவருடைய பேரன் 'இட்லி' என்ற பலகையைப் பக்கத்திலிருக்கும் படத்தை வைத்துத்தான் வாசிப்பான். ஆனால் விழா மலர் என்பது படிக்கிற பொருள் அல்ல. தன் போட்டோ சரியாக விழுந்திருக்கிறதா என்று அவரவர் பார்த்துவிட்டுப் பரணில் போடுகிற பொருள். அதில் கதைக்கு ஒரே வேலைதான்: இரண்டு விளம்பரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் கிடப்பது.

நான் செம்பூரிலிருந்து தினமும் ஹார்பர் லைன் மின்சார ரயிலில் போகிறவன். வண்டியில் பாதிப் பேர் போனைப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு, உலகம் அழிந்த பிறகு நடக்கிற ஒரு விளையாட்டில் யாரையோ வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு 'ஆக்ரி ஷஹர்' என்று பெயர், அதாவது கடைசி நகரம். இதைக் கிண்டல் செய்து நாலு பக்கம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உலகத்தின் முடிவைவிடப் பெரிய பீற்றல் வேறென்ன இருக்கிறது? ஊசியால் ஒரு குத்து விட்டால் காற்று நன்றாகப் போகும்.

அவ்வளவுதான் என் திட்டம். அதற்குப் பிறகு கதை என் பேச்சைக் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

சாம்பல் பூத்த வானத்தின் கீழே, மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கையான வெங்கடேஷ் மெல்ல நடந்து—

இரண்டாம் தொடக்கம்:

கதிர்வீச்சு தின்ற அந்த நகரத்தில், ஓர் இடிந்த சுவரின் விரிசலில், ஒரே ஒரு பூ—

(பூ வேண்டாம். உலகம் அழிந்தால் போதும், எழுத்தாளர்கள் விரிசலில் பூ வைத்துவிடுகிறார்கள்.)

மூன்றாம் தொடக்கம்:

டிராம்பே ஆலைகள் பக்கமிருந்து புகை வந்தபோது, தினமும் வருகிற புகைதானே என்று எல்லாரும் ஜன்னலை—

மூன்றையும் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. தொண்ணூறு அடி சாலையில் ஷகீல் பாயின் ஜெராக்ஸ் கடையில் இசக்கிசெல்வி அடித்துத் தருவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண். அந்த வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைதான். அவளுக்கு ஒரு பழக்கம். கையெழுத்துப் பிரதியில் ஏதாவது உறுத்தினால் போன் செய்து கேட்க மாட்டாள். அந்த இடத்திலேயே சதுர அடைப்புக்குறி போட்டுத் தன் கருத்தை அடித்துவிடுவாள்.*

என் தாள் இப்படித் திரும்பி வந்தது:

கடைசி நம்பிக்கையான வெங்கடேஷ் மெல்ல நடந்து [மெல்ல நடந்தா நாய் கடிச்சிரும் அண்ணாச்சி. ஓடணும்.]

எந்த நாய் என்று கேட்டேன். சும்மா அடித்தேன் என்று சொல்லிவிட்டுக் காதுகுத்துப் பத்திரிகை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

* ஒரு கண்ணீர் அஞ்சலியில் "[இவுக சிரிக்கிற போட்டோ இல்லையா?]" என்பது அப்படியே அச்சாகிச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. இறந்தவரின் குடும்பம் சண்டைக்கு வரவில்லை. சிரிக்கிற போட்டோவோடு வந்தார்கள்.

3

அடுத்த முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஷகீல் பாய் தொழுகைக்குப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவார். தெரிந்தவர்கள் குனிந்து நுழையலாம். நான் குனிந்தபோது உள்ளே இசக்கிசெல்வி பேசிக்கொண்டிருந்தாள்.

"பூட்ஸ வெளியவே கழத்திட்டு வாங்க. கண்ட மண்ணையும் மிதிச்சிட்டு வாறீக."

நான் என் காலைப் பார்த்தேன். சாதாரண ரப்பர் செருப்பு. கடையில் வேறு யாரும் இல்லை. அவள் காதில் இயர்போன், கையில் படுக்கைவாக்கில் போன். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள் [நான் ஒண்ணும் பதறல] என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். சரி, பதறவில்லை. ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினாள். நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கிண்டல் கதைக்கு வசமாக ஒரு பாத்திரம் சிக்கியது என்று அப்போது மனதுக்குள் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலின் ஆயுள் மிகக் குறைவு.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசக்கிசெல்வி ஆடிக்கொண்டிருந்ததும் அதே 'ஆக்ரி ஷஹர்'தான்; அதில் நகரம் முழுக்கத் திறந்து கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம். இடிந்த கட்டடம் ஒன்றைப் பிடித்து வீடாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து சேர்ந்து ஆடலாம், ஆடிக்கொண்டே பேசலாம். தரையெல்லாம் விஷ மண், அதற்குத்தான் பூட்ஸ். போனை அணைத்தால் நம் உருவம் மறைந்துவிடாது. விட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கும். கடைசியாக ஒரு வேலை மட்டும் காத்திருக்கும்: கரையில் நிற்கும் படகில் ஏறி நகரத்தை விட்டுப் போவது. ஏறினால் ஆட்டம் முடிந்தது. வீடு, விளக்கு, சேர்த்த சாமான் எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து.

இசக்கிசெல்வியின் கணவன் மாரீஸ்வரன் கத்தாரில் வெல்டர். கல்யாணமான வருஷமே போய்விட்டான். போகும்வரை அவர்கள் இருந்தது தாராவியில் ஒரே கோலி. ஓர் அறையும் மேலே ஒரு பரணும். மாமனார் பிரம்மநாயகம், மாமியார், மச்சினர் நம்பிராஜன், அவர் மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வருகிற யாராவது ஒருத்தர். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள்தான் அதிகம்.

அங்கே வாசலைப் பார்த்தே உள்ளே யார் யார் என்று சொல்லிவிடலாம். எல்லாச் செருப்பும் வெளியேதான் கிடக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. கல்யாண நாள் முதல் அவன் விமானம் ஏறிய நாள் வரை, தன் செருப்பும் அவன் செருப்பும் மட்டும் கிடக்கிற வாசலை இசக்கிசெல்வி பார்த்ததே இல்லை.

அவன் வீட்டுக்குப் போன் செய்தால் ஸ்பீக்கரில் போடுவார்கள். மாமியார் கால்வலியைச் சொல்வாள், மாமனார் ஊர்க்கோயில் கொடையைச் சொல்வார், பிள்ளைகள் ரைம்ஸ் சொல்லும். போன் இவள் கைக்கு வரும்போது மொத்த வீடும் அமைதியாகிவிடும். அவர்களுக்கு அது மரியாதை. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. கேம்ப்பில் அவன் அறைக்காரர்கள் தொழுகைக்குப் போகிற நேரமும், இங்கே ஷகீல் பாய் போகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் ஓர் அறை காலியாகும். ஆண்டவன் யாருக்கெல்லாமோ இறங்கி வருகிறான், கேட்காதவர்களுக்கும் கொஞ்சம் சிந்துகிறது.

[இது நல்லாருக்கு அண்ணாச்சி. பாய்கிட்ட காட்டாதீக.]

மனிதகுலம் முழுக்கச் செத்து, ஊரில் ஒரு குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் போன பிறகுதான் இந்தப் புருஷன் பெண்டாட்டிக்குத் தனியாக ஒரு ரூம் கிடைத்தது. வண்டியில் என் பக்கத்து சீட்காரர்களுக்கு அது பேரழிவு. இவளுக்கு அது இடவசதி.

5

வீடு என்று அவர்கள் பிடித்தது ஒரு பாங்க் கட்டடத்தின் மேல்மாடி. படிக்கட்டில் பாதி இல்லை. முதல் நாள் உள்ளே நுழையுமுன் அவள் தன் உருவத்தை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தாள். விளையாட்டைச் செய்தவர்கள் இப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தச் சாமானையும் கீழே போட ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது போதுமாக இருந்தது.

அன்றைக்குக் கீழே நாய் குரைத்தது. அந்த நாய்க்கு இரண்டு தலை. அவன் கீழே மாட்டிக்கொண்டான் என்று பதறி [ஆமா, அன்னைக்குப் பதறினேன்] வெறுங்காலோடு படியிறங்கினாள். நாலு அடி வைப்பதற்குள் விஷ மண் ஆளை முடித்துவிட்டது. செத்தால் நகரத்தின் மறு கோடியில் எழ வேண்டும். அங்கிருந்து வீடு வந்து சேருவதற்குள் ஷகீல் பாய் திரும்பி வந்து ஷட்டரை ஏற்றிவிட்டார். ஒரு முழு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

மாரீஸ்வரன் திட்டியிருக்கிறான்.

"ஏட்டி, கூறு இருக்கா? அது வீடா? கேம்டி."

"வீட்டுக்குள்ள பூட்ஸோட வர எனக்கு வராது."

வாரம் முழுக்கப் பேச்சில்லை. ஸ்பீக்கரில் சாப்பிட்டீங்களாவோடு சரி. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நுழைந்தபோது அவன் ஏற்கெனவே வந்திருந்தான். மாடி ஏறினாள். வாசலில் அவனுடைய பூட்ஸ் கிடந்தது. கழற்றி, பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக.

தன்னுடையதையும் கழற்றி அதன் அருகே வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். என்ன செய்கிறாய் என்று அவன் உள்ளிருந்து கேட்டானாம். ஒன்றுமில்லை என்றாளாம்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை போட முயன்றேன். கழற்றி வெளியே வைத்துவிட்டேன்.)

6

இப்போது சிக்கல். கதைக்கு வேண்டும் என்று நான் உண்டாக்கியது இல்லை.

மாரீஸ்வரனைக் கம்பெனி கடலுக்குள் எண்ணெய் மேடைக்கு அனுப்புகிறது. மாதக்கணக்கில் அங்கேயே. சிக்னல் கிடையாது. அவசரம் என்றால் ஆபீஸ் மூலம் தகவல் போகும். போவதற்கு முன் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம். அன்று கடைசி வேலையை முடித்துப் படகில் ஏறிவிடலாம் என்று அவன் சொல்கிறான். அவர்கள் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. ஆடுவதெல்லாம் சில்லறை வேலைகள்: விளக்குக்கு எண்ணெய், ஜன்னலுக்குத் தகடு.

"முடிக்காமப் போனா மனசு இங்கனயே கிடக்கும்டி."

"கிடக்கட்டும்."

இதை என்னிடம் சொல்லும்போது இசக்கிசெல்வி ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு பார்டர் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணெடுக்கவில்லை. படகில் ஏறிவிட்டால் அவர் திரும்பி வருகிற வரைக்கும் இந்த வீடு எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டாள். நான் கிண்டல் எழுதுகிறவன்.

7

முதல் பிரதியில் அவள் பெயர் இசக்கிசெல்வி இல்லை. அடையாளம் தெரியக் கூடாது என்று மாட்டுங்காவில் பாங்க் ஆபீசர் பத்மஜா என்று மாற்றி, ஒரு மூக்குக் கண்ணாடியும் கொடுத்திருந்தேன். தானே தன் கதையை, இன்னொருத்தி பெயரில், பெயரைப் பற்றி மறுபேச்சில்லாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பகுதி திரும்பி வந்தபோது பத்மஜா எங்குமே இல்லை. ஒரே பொத்தானில் அத்தனையும் இசக்கிசெல்வி ஆகியிருந்தது. கண்ணாடியும் போயிருந்தது.

ஏன் என்று கேட்டேன்.

"பத்மஜான்னா அவுகளுக்கு எப்படித் தெரியும், நான்தான்னு? புஸ்தகம் வந்ததும் போன்ல அனுப்பி வைப்பேன். கரைக்கு வந்ததும் ஒத்த டிக்கு ரெட்ட டிக்கு ஆகும்லா. அப்பப் படிப்பாக."

வீட்டில் மாமனார் கண்ணில் பட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"சபா மலர யாரு அண்ணாச்சி படிக்கா?"

இத்தனை வருஷம் அடுத்தவர் பலூனைக் குத்திக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

8

முடிவுகள். மூன்று எழுதினேன். திரும்பி வந்தபடியே தருகிறேன்.

அ. கடைசி வெள்ளிக்கிழமை இருவரும் கைகோத்துக் கரைக்கு ஓடினார்கள். படகு நகர்ந்தது. பின்னால் நகரம் மெல்ல [ஓடுனா கையப் பிடிக்க முடியாது. அதுக்குப் பொத்தான் இல்ல. தேடிப் பாத்துட்டோம்.]

ஆ. அவள் மறுத்துவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். பல மாதங்கள் கழித்து ஒரு நாள் அவள் கடை வாசலில் நிஜமாகவே ஒரு ஜோடி பூட்ஸ் [இது சினிமா.]

இ. மாரீஸ்வரன் கடல் மேடையில் [அண்ணாச்சி இத நான் அடிக்க மாட்டேன்.]

மூன்றாவதை அதற்கு மேல் அவள் அடிக்கவில்லை. கையெழுத்துத் தாளையும் திருப்பித் தரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போது எனக்கும் சொல்ல மனம் இல்லை.

9

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை கடந்து போயிற்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேளை அல்ல அது. திங்கட்கிழமை போனேன். வைத்தீஸ்வரன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், ஓய் ஃப்யூச்சர் ரெடியா என்று.

மாரீஸ்வரன் முந்தின நாள் கடலுக்குப் போய்விட்டதாக இசக்கிசெல்வி சொன்னாள். முடிவு மட்டும் பாக்கி இருக்கிறது என்றேன். தன் போனை என் பக்கம் திருப்பி ஒரு படம் காட்டினாள். இடிந்த மாடி. ஒரு தகரக் கதவு, சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் விளக்கு வெளிச்சம். வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ். பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

அப்படியென்றால் படகில் ஏறவில்லையா? வெறுங்காலோடு விஷ மண்ணைக் கடந்து கரைக்குப் போக முடியாதே. இரண்டு பேரும் உள்ளே தூங்குகிறார்களா, அவன் சிக்னல் இல்லாத கடலிலும் இவள் பரணிலும் கிடக்கிற இத்தனை மாதமும்? இல்லை, இது எப்போதோ எடுத்து வைத்த பழைய படமா? அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது வீடு இருக்கிறதா? எந்த வெள்ளிக்கிழமை எடுத்தது என்று கேட்டேன்.

"வாசல்ல ரெண்டு ஜோடிதான் கிடக்குன்னா அந்தக் கதவத் தட்டப்படாது அண்ணாச்சி."

சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே ஷகீல் பாய் யாருக்கோ ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டிருந்தார்.

வாசகரே, நீங்களும் என்னோடு பாதிப் படி இல்லாத மாடிவரை ஏறி வந்துவிட்டீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் இது ஒருவருக்காக எழுதப்பட்டு, அவர் கரையேறும் நாளுக்காகக் காத்திருக்கிற கதை. நாம் முன்னாலேயே வந்து நிற்கிறோம்.

நான் இறங்குகிறேன். நீங்களும் சத்தம் போடாமல் வாருங்கள்.

[பாத்து இறங்குங்க. கீழ நாய் நிக்கும்.]